வல்லை வெளிக்கு ஒரு குடை

வல்லை வெளியில் காற்று என்னை இரண்டு முறை சைக்கிளோடு சேர்த்து விழுத்தியிருக்கிறது. மூன்றாம் முறை விழுத்த நான் இடம் கொடுக்கவில்லை. அதற்காக நான் செய்த குடையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் புத்தூர்ப் பகுதியில் குடும்பநல மாதுவாக வேலை செய்தேன். கர்ப்பிணிகளைப் பதிவது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசி நாட்களில் மருந்துப் பெட்டியைக் கொண்டுபோவது எல்லாம் என் பொறுப்பு. சனங்கள் என்னை ‘மிஸ்ஸி’ என்பார்கள். புத்தூரில் நான் தங்கியிருந்த விடுதியின் கூரை சண்டையில் எறிகணை ஒன்றின் செல்லடியில் போய்விட்டது. அதன்பிறகு நெல்லியடியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்தே தினமும் வந்துபோனேன். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினால், இறங்குவது புத்தூரில்தான்.

இரண்டு ஊருக்கும் நடுவில் வல்லை வெளி கிடக்கிறது. மேடாகப் போகும் ஒரு றோட்டு, இரண்டு பக்கமும் உவர்த்தரை. ஒதுங்க ஒரு மரமில்லை, ஒரு மதிலில்லை. மாரியில் இரு பக்கமும் தண்ணீர் நிற்கும், கோடையில் சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கும், றோட்டோரப் பள்ளங்களில் மட்டும் ஈரச்சேறு மிஞ்சும். காற்று மட்டும் எந்த மாதமும் அங்கே ஓய்ந்ததில்லை. வைகாசி தொட்டுச் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து மழையையும் கூட்டிக்கொண்டு வரும். நான் போன திசையும் அதே கோடுதான். ஆகவே சோளகத்தில் காலையில் எதிர்காற்று, வாடையில் பின்னேரம் எதிர்காற்று. வெயிலோ, போகும்போதும் வரும்போதும் முதுகில்தான் விழும்.

முதுகில் வெயில் விழுந்தால் நான் தாங்குவேன். என் கரியரில் இருந்த பெட்டி தாங்காது. மருந்து வைக்கும் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி அந்தக் காலத்தில் நெல்லியடிப் பக்கத்தில்தான் வேலை செய்தது. தடுப்பூசி நாட்களில் அங்கிருந்து ஐஸ் அடுக்கிய சின்னப் பெட்டியில் மருந்தை எடுத்துக்கொண்டு வல்லையைக் கடக்க வேண்டும். வெயிலில் ஐஸ் உருகிவிட்டால் மருந்து வெறும் தண்ணீர். ஒரு கையில் ஹாண்டில், மறு கையில் பின்னுக்குச் சரித்துப் பிடித்த குடை என்று ஓடினேன். ஒருநாள் காற்று குடையைப் பிடித்து இழுத்தது. நான் குடையை விடாமல் ஹாண்டிலை விட்டேன். அது முதல் விழுகை. முழங்கை உரசியதோடு போயிற்று.

விழுந்த இடத்திலிருந்து எழும்பிச் சேலையைத் தட்டும்போதே எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. குடை என் கையில் இருக்கக்கூடாது. அதைச் சைக்கிள் பிடிக்க வேண்டும், ஆனால் நான் நினைத்த பக்கம் சரிய வேண்டும். யோசனை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். எதையும் செய்யலாம் என்று முதலில் முடிவெடுத்துவிட்டுத்தான் எப்படிச் செய்வதென்று பார்ப்பேன்.

புத்தூர்ச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய மூன்று பிள்ளைகளும் என் கையில் பிறந்தவர்கள். அவரிடம் என்ன கேட்டாலும் முதலில் “சரிவராது” என்பார். பிறகு அதைச் செய்துகொண்டிருப்பார்.

“அண்ணை, குடையைச் சைக்கிளிலை பூட்ட வேணும். முன்னுக்கும் பின்னுக்கும் சரிக்கக்கூடிய மாதிரி.”

“உது சரிவராது மிஸ்ஸி.”

“ஏன் சரிவராது?”

“குடை எண்டது கையிலை பிடிக்கிற சாமான். கை நாலு பக்கமும் திரும்பும். இரும்பு திரும்புமோ?”

அவருடைய கழிவு இரும்புப் பெட்டிக்குள் பழைய சீற் பூட்டு ஒன்று கிடந்தது. சைக்கிள் சீற்றைக் குழாயோடு பிடிக்கிற அந்தப் பூட்டுக்குள் பல்லு வைத்த இரண்டு வட்டங்கள் இருக்கும். நட்டைத் தளர்த்திச் சீற்றைச் சரித்து மறுபடி இறுக்கினால், பல்லோடு பல்லு பொருந்தி அந்தச் சரிவிலேயே நிற்கும். அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“இது சீற்றை முன்னுக்கும் பின்னுக்கும் சரிக்குது தானே? சீற்றுக்குப் பதிலாக் குடைக்காம்பைப் பூட்டுங்கோ. கீழை ஒரு குழாய் வைச்சு ஹாண்டிலோடை பிடியுங்கோ. குழாய் சுத்தினா நாலு பக்கமும் வரும்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரிவராது,” என்றார். “நாளைக்குப் பின்னேரம் வாங்கோ.”

பிள்ளைகளின் நிறை குறிக்கும் அட்டையொன்றின் பின்புறத்தில் நான் கீறிக்கொடுத்த படத்தை அவர் தன் சுவரில் குத்தி வைத்தார். வளைந்த பிடியை வெட்டிவிட்டுக் காம்பைப் பூட்டில் செருகினார். நட்டுச் சாவி இல்லாமல் கையால் முறுக்குவதற்கு, நட்டில் இரண்டு காது வைத்து ஒட்டினார். அடுத்த கிழமையே என் பெரிய கறுப்புக் குடை ஹாண்டிலுக்கு மேலே விரிந்து நின்றது. வெயிலுக்குப் பின்னால் சரித்தால் என் முதுகுக்கும் நிழல், பெட்டிக்கும் நிழல். பக்கத்து ஊரான அவரங்கால் ஒழுங்கையால் போகும்போது பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். “மிஸ்ஸி தேரிலை வாறா!” என்று ஒருத்தி கத்தினாள். நான் கையை எடுத்து ஆட்டினேன். இரண்டு கையும் எனக்குச் சொந்தமாகிவிட்டதே!

அந்தச் சந்தோஷம் ஆடி மாதத்து ஒரு தடுப்பூசி நாள்வரை இருந்தது.

அன்று காலையில் சோளகம் முகத்தில் அடித்தது. முதுகில் வெயில். பெட்டிக்கு நிழல் வேண்டுமென்றால் குடை பின்னால் சரிய வேண்டும். பின்னால் சரிந்தால் குடையின் வாய் காற்றைப் பார்க்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. காற்று அப்போது மெதுவாகத்தான் இருந்தது, பூட்டு இறுக்கமாகத்தான் பிடித்திருந்தது, போய்விடலாம் என்று நினைத்தேன். வெளியின் நடுப்பகுதிக்கு வந்தபோது காற்று ஒரேயடியாகக் குத்தியது. பூட்டு அசையவில்லை. குடைக்கம்பிகளும் முதலில் அசையவில்லை. எதுவுமே விட்டுக்கொடுக்காததால் சைக்கிள் முழுவதும் ஒரு பக்கமாகத் தூக்கியெறியப்பட்டது. நான், குடை, பெட்டி எல்லாம் றோட்டின் சரிவில் உருண்டு சேற்றுக்குள் போனோம்.

என் உடம்பில் இரண்டு இடத்தில் கீறல். பெட்டியின் மூடி திறந்து, ஐஸ் ஒரு பக்கம், மருந்துப் போத்தல்கள் ஒரு பக்கம். சில உடைந்திருந்தன, உடையாதவை வெயிலில் கிடந்தன. பொறுக்கியெடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவாது.

கிளினிக்கில் இருபது தாய்மார் காத்திருந்தார்கள். ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்ட வெளிகளுக்குள்ளால் நடந்து வந்திருந்தாள். சேறு காய்ந்த சேலையோடு அவர்கள் முன்னால் நின்று, “இண்டைக்கு ஊசி இல்லை. மருந்தை நான் விழுத்திப்போட்டன்,” என்று சொன்னேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. இரட்டைப் பிள்ளைக்காரி, “உங்களுக்கு அடி பட்டதோ மிஸ்ஸி?” என்று கேட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏசுவதற்கு மேற்பார்வைத் தாதி இருந்தார். எங்கள் எல்லாருக்கும் மேலதிகாரி. முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பவர்.

“அந்த மருந்து எப்பிடி வந்தது எண்டு உமக்குத் தெரியுமோ? கப்பலிலை வந்தது. அடுத்த கப்பல் எப்ப வரும் எண்டு எனக்கும் தெரியாது. நீர் அதைக் கொண்டு றோட்டிலை சர்க்கஸ் காட்டுறீர்.”

“சிஸ்ரர், குடையிலை ஒரு பிழை இருக்கு. அதைத் திருத்தினா—”

“இனிமேல் உந்தக் குடையை நான் காணக்கூடாது.”

“ஓம் சிஸ்ரர்.”

அவர் காணக்கூடாது என்றுதான் சொன்னார். ஓடக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே நன்றாக விளங்கியது.

பிழை எங்கே என்று சொன்னவன் ஒரு கடற்றொழிலாளி. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓர் இளம் குடும்பம், புத்தூரில் வெறுமையாகக் கிடந்த ஒரு புகையிலைக் கொட்டிலில் இருந்தது. மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருப்பான். கடல் ஏழெட்டு மைலுக்கு அப்பால் இருந்தது, போர்த்தடையால் அங்கே இறங்கவும் முடியாது. ஆனாலும் வலையில் ஓட்டை இருப்பது அவனுக்குப் பொறுக்காது.

“மிஸ்ஸி காத்திலை விழுந்தாவாம் எண்டு கதைக்கினம்,” என்றான்.

நடந்ததைச் சொன்னேன். குடை எப்படிப் பூட்டியிருந்தது என்பதையும் சொன்னேன். அவன் வலையைக் கீழே வைத்தான்.

“பூட்டு அசையேல்லையோ?”

“அசையேல்லைத் தம்பி. அவ்வளவு நல்லாப் பூட்டினது.”

“அதுதான் விழுத்தினது. பாய்க்கயிறை வள்ளத்தோடை இறுக்கிக் கட்டிப்போட்டு இருந்தா, முதல் குத்திலையே வள்ளம் கவிழும். கயிறு கையிலை இருக்க வேணும். காத்துக் குத்தினா விட வேணும். தணிஞ்சா இழுக்க வேணும்.”

எழும்பிப் போய் மனைவி அரிசி புடைக்கும் சுளகை எடுத்து வந்தான். அதன் ஒரு விளிம்பைக் காற்றுப் பக்கம் பதித்துச் சரித்துப் பிடித்தான். காற்று அதன் முதுகில் ஏறி வழுக்கிக்கொண்டு போனது. காற்றுக் கூடியபோது கையைக் கொஞ்சம் இளக்கினான். சுளகு மெல்ல எழும்பிக் காற்றுக்குப் படுக்கையாக நின்றது. காற்றுத் தணிந்ததும் மறுபடி பதித்தான்.

“வாயைக் காட்டினாத்தான் அது பிடிக்கும். முதுகைக் காட்டினா ஒண்டும் செய்யாது.”

“கடலுக்குப் போகேலாமல் சுளகிலை வள்ளம் ஓடுறார்,” என்று மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சுளகை வாங்கி நானே காற்றில் பிடித்துப் பார்த்தேன். என் உள்ளங்கைக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் அசையாத குடையைத் தேடியிருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது அசையத் தெரிந்த குடை.

அன்று பின்னேரமே சைக்கிள் கடைக்குப் போனேன்.

“பல்லை எடுத்துப்போடுங்கோ அண்ணை.”

“பல்லை எடுத்தா ஆடும்.”

“ஆடத்தான் வேணும்.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார், விழுந்ததில் தலையில் ஏதாவது பட்டதோ என்று. நான் கீறிக் காட்டினேன். குடைக்காம்பு பூட்டுக்குள் இளக்கமாக ஆட வேண்டும். பழைய ரியூப்பில் வெட்டிய ஒரு ரப்பர் பட்டி அதைக் காற்றுப் பக்கமாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். காற்றுக் குத்தினால் ரப்பர் நீளும், குடை நிமிரும். தணிந்தால் ரப்பர் சுருங்கும், குடை மறுபடி குனியும். நேராக நிமிர்ந்த இடத்தில் ஓர் இரும்பு முளை அதைத் தடுக்க வேண்டும். அதற்கப்பால் போனால் வாய் காற்றைப் பார்க்கும், பிறகு பழைய கதைதான். எதிர்காற்றில் பின்னால் சரிக்கும் ஆசையையே விட்டுவிட்டேன். பெட்டிக்குத் தனியாக நனைத்த சாக்கும் அதற்குமேல் பின்னிய தென்னோலைக் கிடுகு மூடியும் போட்டேன். ஒரே குடை இரண்டு எசமானுக்கு வேலை செய்யாது என்பதை அந்தச் சேற்றில் படித்திருந்தேன்.

ரப்பர் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. மெல்லியதென்றால் குடை கோழிச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். தடித்ததென்றால் விட்டுக்கொடுக்காது. கடைக்காரர் கையால் இழுத்துப் பார்த்து, “இது காணும்,” என்றார். எனக்கு அப்படிச் செய்து பழக்கமில்லை. என்னிடம் பிள்ளைகளைத் தொட்டிலில் தொங்கவிட்டு நிறுக்கிற வில்லுத்தராசு இருந்தது. அதன் கொளுக்கியைக் குடையின் விளிம்பில் மாட்டி, வல்லை வெளியின் நடுவில் நின்று காற்றை நிறுத்தேன்.

சைக்கிளில் போன சனமெல்லாம் இறங்கி நின்று பார்த்தது. ஒருவர், “மிஸ்ஸி, காத்து எத்தினை மாதப் பிள்ளை?” என்று கேட்டார். உண்மையில் நான் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன். வழக்கமான சோளகம் மூன்று மாதப் பிள்ளையின் நிறைக்கு இழுத்தது. குத்திவரும் காற்று ஒரு வயதுப் பிள்ளை. இரண்டுக்கும் நடுவில், எட்டு மாதப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற ரப்பராகத் தேடினோம். அகலம் மாற்றி மாற்றி வெட்டி, ஆறாவது பட்டி சரியாக வந்தது. முன்சில்லு ரியூப், இரண்டு விரல் அகலம், இரட்டையாக மடித்தது.

பிறகு மாரிக்கு ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. எதிரில் மழை அடிக்கும்போது குடை முன்னால் குனிந்தால் றோட்டுத் தெரியாது. கண்ணாடி போல் ஏதாவது வேண்டும். கடைகளில் அப்போது நல்ல பிளாஸ்ரிக் கிடையாது. ஆஸ்பத்திரியில் எறியக் கிடந்த பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கி வந்து, கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைக் கரைத்து அதில் ஊறவைத்துத் தேய்த்தேன். கறுப்பு முழுவதும் கழன்று தெளிந்த நீலத் தாளாக வந்தது. குடைத்துணியில் ஒரு சாண் சதுரம் வெட்டி அதை வைத்து நானே மெஷினில் தைத்தேன். ஒரு மூலையில் மட்டும் யாரோ ஒருவருடைய விலா எலும்பின் நிழல் போகாமல் நின்றது.

என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். “ஆரின்ரையோ நெஞ்சுக்குள்ளாலை நீர் றோட்டைப் பார்க்கப்போறீர்,” என்றார்.

“சுகப்பட்டுப் போன ஆளின்ரை படம்தான். கேட்டுத்தான் எடுத்தனான்,” என்றேன்.

ஐப்பசியில் புதுக்குடையோடு வல்லையைக் கடந்தேன். காற்றுக் குத்தும்போது குடை ஒருமுறை நிமிர்ந்து, பிறகு குனிந்துகொள்ளும். ஹாண்டிலில் ஒரு மெல்லிய இழுவை தெரியும், அவ்வளவுதான். வெளி முழுவதும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போயிருக்க வேண்டும். எதிரே வந்த ஒருவர் நான் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மேற்பார்வைத் தாதியின் அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் முன்சந்தியிலேயே குடையைக் கழற்றிச் சுருட்டிக் கரியரில் கட்டிவிடுவேன்.

கார்த்திகையில் அந்தக் குருநகர்ப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்து அரை மணித்தியாலத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. என் தராசில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். முதல்நாள் அழுதது, பாலை நாக்கில் விட்டால் விழுங்கியது. இரண்டாம் நாள் காலையில் நான் போனபோது அழவில்லை. பாதத்தைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். இப்பவே,” என்றேன்.

யாழ்ப்பாணப் பக்கம் அன்று செல் விழுந்துகொண்டிருந்தது. வல்லைக்கு அப்பால் இருந்த மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை மட்டும்தான் திறந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒன்று ஊரில் இருந்தது, அதுவும் விடியவே வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெளியே வாடை மழை. எங்களுக்கு முன்னால் வல்லை.

பிள்ளையைத் துணி எதுவுமின்றித் தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்து, மேலே சேலையால் இரண்டு சுற்றுக் கட்டினேன். தலைக்கு ஒரு துணித்தொப்பி. தாயின் உடம்புச் சூடுதான் அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே அடுப்பு. அது நனையக்கூடாது. தகப்பனின் சைக்கிள் கரியரில் தலையணை கட்டி அவளை இருத்தினோம். சந்தியில் கடைக்காரர் என் குடையைக் கழற்றி, அந்தச் சைக்கிளின் சீற்றுக்குப் பின்னால் பூட்டினார். அன்று அவர் “சரிவராது” என்று சொல்லவில்லை. காற்றில்லாத அந்த இடத்திலேயே நட்டை மூன்று முறை தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

புறப்படும்போது தகப்பன் ரப்பர் பட்டியின் ஒரு முனையைக் கழற்றினான்.

“என்ன தம்பி செய்யிறாய்?”

குடையின் விளிம்பில் வலைக்கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைத் தன் வலது கையில் சுற்றிக்கொண்டான். “ரப்பருக்குக் கண் இல்லை மிஸ்ஸி. காத்து வாறதை அது கண்டு விடாது. வந்த பிறகுதான் விடும். நான் தண்ணியைப் பாத்து முதலே விடுவன்.”

ஆறு பட்டி வெட்டித் தேடியெடுத்த ரப்பர் அது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சைக்கிளில் இருந்தது அவனுடைய பிள்ளை. “சரி, விடு. முளையை மட்டும் கழற்றாதை,” என்றேன்.

வல்லையில் மழை படுக்கையாக அடித்தது. எனக்கு அன்று குடை இல்லை. அவர்களுக்கு ஒட்டினாற்போல் காற்றுப் பக்கமாக ஓடினேன். அவன் றோட்டைப் பார்த்ததைவிடப் பக்கத்துத் தண்ணீரைத்தான் கூடப் பார்த்தான். தண்ணீரில் கறுப்பாக ஒரு சுருக்கம் ஓடிவரும். “வருது,” என்பான். கயிறு இளகும், குடை நிமிரும், காற்றுக் கடந்து போகும், கயிறு இறுகும், குடை மறுபடி காற்றுப் பக்கம் குனிந்து அவளை மறைக்கும். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. ஒரு தரம்கூட அவன் பிந்தவில்லை. நடுவெளியில் நான் கையை நீட்டிச் சேலைக்குள் விட்டுப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது. பிள்ளையின் முதுகு தாயின் நெஞ்சைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தது.

“மூச்சு விடுது தானே மிஸ்ஸி?” அவள் பல் கிட்டியபடி கேட்டாள்.

“உன்ரை நெஞ்சிலைதான் கிடக்கு. நீதான் எனக்குச் சொல்ல வேணும்.”

அவள் தலையைக் குனிந்து பிள்ளையின் தொப்பியில் கன்னத்தை வைத்துக் கேட்டாள். “ஓம். விடுது,” என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது நான் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தேன். தகப்பன் முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தான். தாயின் தோளில் ஒரு பக்கம் ஈரம். பிள்ளை ஒரு சொட்டும் நனையவில்லை. வார்ட்டில் அதை வாங்கிய தாதி பாதத்தைத் தொட்டுப் பார்த்து, “நல்ல சூடு. எவ்விடத்திலையிருந்து வாறியள்?” என்று கேட்டாள். புத்தூர் என்றதும் அவள் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

வெளி விறாந்தையில் மேற்பார்வைத் தாதி நின்றார். ஏதோ கூட்டத்துக்கு வந்தவர் மழைக்கு மாட்டுப்பட்டு நின்றிருக்கிறார். நாங்கள் வாசலால் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. குடையை ஒளிக்க நேரமில்லை. அவர் நேரே சைக்கிளுக்குப் போனார். குடையின் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளினார், அது முளைவரை நிமிர்ந்து நின்றது. கயிற்றை இழுத்தார், குனிந்தது. எக்ஸ்ரே யன்னலுக்குள்ளால் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

“உதை நான் காணக்கூடாது எண்டு உமக்குச் சொன்னனான்.”

“ஓம் சிஸ்ரர்.”

“நான் இண்டைக்கும் காணேல்லை.” கயிற்றை ஒழுங்காகச் சுற்றி ஹாண்டிலில் மாட்டினார். “எனக்கு ஒண்டு செய்ய எத்தினை நாள் செல்லும்?”

பிள்ளை மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கொட்டிலுக்குத் திரும்பியது. மாதம் தவறாமல் நான் நிறுத்தேன். நிறை அட்டையில் அவளுடைய கோடு முதலில் தயங்கி, பிறகு நல்ல ஏற்றமாக ஏறியது. ஆறாம் மாதத்தில் தராசுத் தொட்டிலை இரண்டு காலாலும் உதைத்தாள்.

அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் பகுதி மாதுமாருக்கு ஏழு குடைகள் செய்தோம். ஏழிலும் ரப்பரும் இருந்தது, கயிறும் இருந்தது. வழக்கமான நாளுக்கு ரப்பர் போதும், பொல்லாத நாளுக்குக் கயிறு. எல்லாமே சரியாக வந்தன என்று சொல்லமாட்டேன். குள்ளமான ஒருத்திக்குச் செய்தது அவளுடைய தலையில் இடித்தது. குழாயைக் குறைத்து மறுபடி பூட்டினோம். இன்னொருத்தியின் குடையில் முளை முறிந்து, கம்பிகள் பின்னால் மடிந்துபோயின. அது நான் சொன்ன இரும்பை விட்டு வேறு இரும்பு போட்டதால் வந்தது என்று கடைக்காரரோடு சண்டை பிடித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இரும்பை மாற்றினார். மேற்பார்வைத் தாதியின் குடைக்கு மட்டும் எக்ஸ்ரே யன்னல் இரண்டு வைத்தோம். தனக்குப் பக்கத்தில் வருபவரையும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

தொண்ணூற்றைந்தின் கடைசிப் பகுதியில் புத்தூர் உள்ளிட்ட வலிகாமம் முழுவதும் சண்டைக்குப் பயந்து வீடுகளை விட்டு வெளியேறியது. எங்கள் பக்கம் வந்தவர்கள் வல்லை வெளியால்தான் வந்தார்கள். சைக்கிளில், தள்ளுவண்டியில், நடந்து, மழையில். நெல்லியடியில் எங்கள் வளவில் ஐந்து குடும்பங்கள் தங்கின. அதில் ஒன்று சைக்கிள் கடைக்காரருடையது. ஒரு சாக்கு நிறைய நட்டுச் சாவிகளும் சீற் பூட்டுகளும் கொண்டுவந்திருந்தார். வந்து மூன்றாம் நாள், எங்கள் வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கரியால் ‘சைக்கிள் திருத்தப்படும், சரியும் குடை செய்து தரப்படும்’ என்று எழுதித் தொங்கவிட்டார்.

முதலில் வந்தது ஒரு பெண். நடக்க முடியாத தன் தாயைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கூட்டிவந்திருந்தாள். தாய்க்கு மேலே பூட்ட ஒரு குடை வேண்டும் என்றாள்.

கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். படுத்திருப்பவருக்குச் சரிவு வேறு, உயரம் வேறு. வண்டியைத் தள்ளுபவருக்கு ஒரு கையும் மிச்சமில்லை, கயிறு பிடிக்க முடியாது.

“உது சரிவராது மிஸ்ஸி,” என்றார் என்னைப் பார்த்து.

நான் உள்ளே போய் நிறை அட்டை ஒன்றும் பென்சிலும் எடுத்து வந்து, வண்டிச் சட்டத்தில் வைத்துக் கீறத் தொடங்கினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, குழாய் வர வேண்டிய இடத்தில் தன் கறுப்பு விரலை வைத்தார்.